ஒரு எலும்பு குறைந்து பிறந்த கால்: குச்சவெளித் தாய்க்கு ஒரு பதில்

கேள்வி: டொக்டர், எங்கள் இடம் குச்சவெளி. மகளுக்குப் போன மாதம் ஒரு வயது முடிந்தது. பிறந்தபோதே வலது கால் கொஞ்சம் கட்டை. முழங்காலுக்குக் கீழே கால் முன்பக்கமாகவும் உட்பக்கமாகவும் வளைந்து, வளைவில் தோல் குழி விழுந்திருக்கிறது. அந்தப் பாதத்தில் நான்கு விரல்கள்தான். திருகோணமலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பு இல்லை, இப்போதைக்கு இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் என்று சொன்னார்கள். கிளினிக் கொப்பியில் ‘ஃபிபுலர் ஹெமிமீலியா’ என்று எழுதியிருக்கிறது. ஏழாம் மாதத்தில் கிரகணத்தன்று நான் மீன் வெட்டியதால்தான் இப்படி என்று மாமி சொல்கிறா. எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டினால் நிமிரும் என்று அயலில் சொல்கிறார்கள். ஒருவர் இந்தியாவில் எலும்பு வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் காலை எடுக்கத்தான் வேண்டிவரும் என்கிறார். கணவர் கடலுக்குப் போகிறவர். இரண்டாவது பிள்ளையைப் பற்றி நினைக்கவே பயமாக இருக்கிறது. எனக்கு நித்திரையே இல்லை.

பதில்:

அன்பின் தங்கைக்கு,

முதலில் மாமியின் பேச்சுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நித்திரையைக் கெடுப்பது காலை விட அந்தப் பேச்சுத்தான் என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிகிறது. கருவில் கால் முளைவிடுவது நான்காம் வாரத்தில். எட்டாம் வாரம் முடிவதற்குள் தொடையிலிருந்து விரல் வரை எல்லா எலும்புகளுக்கும் உரிய அச்சு, குருத்தெலும்பாகப் போடப்பட்டுவிடும். அந்த நாட்களில் பல தாய்மாருக்கு வயிற்றில் பிள்ளை தங்கியிருப்பதே உறுதியாகியிருக்காது. நீங்கள் ஏழாம் மாதத்தில் கத்தியைத் தொட்டபோது, மகளின் காலில் எந்த எலும்பு உண்டு, எது இல்லை என்பது முடிவாகி ஏறக்குறைய நான்கு மாதம் கடந்துவிட்டது. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நீங்கள் எழுதாமல் மனதுக்குள் வைத்திருக்கக்கூடிய மற்றச் சந்தேகங்களுக்கும் இதுவே பதில்: காய்ச்சலுக்குக் குடித்த பனடோல், கிளினிக்கில் தந்த இரும்புச்சத்துக் குளிசை, பஸ்ஸில் குலுங்கிப் போனது, எதுவுமே காரணமில்லை. இந்தப் பந்தியை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரும் பேரப்பிள்ளைக்காகப் பயந்துதான் பேசுகிறார். பயத்துக்கு ஒரு காரணம் தேடும்போது பக்கத்தில் நிற்கிறவர்மேல் பழி விழுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

வெளிப்பக்கத்து எலும்பு இல்லாமல் பிறக்கும் இந்த நிலை (கொப்பியில் எழுதியிருக்கிற ‘ஃபிபுலர் ஹெமிமீலியா’ இதுதான்) சுமார் 40,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. எங்கள் நாடு முழுவதிலும் ஒரு வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள்தான் இப்படிப் பிறப்பார்கள். அதனால் உங்கள் பகுதி மிட்வைஃப்போ, முதலில் பார்த்த டொக்டரோ தடுமாறியிருந்தால் அதை ஒரு குறையாக எடுக்காதீர்கள். நான் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற அடையாளங்களை வைத்துத்தான் எழுதுகிறேன். முன்பக்கமும் உட்பக்கமுமான வளைவு, வளைவின் உச்சியில் தோல் குழி, வெளிப்பக்கத்தில் ஒரு விரல் குறைவு, கால் கட்டை எல்லாம் சேர்ந்து வருவது இந்த நிலையில்தான். அந்தக் குழி ஊசி குத்திய தழும்போ வயிற்றுக்குள் ஏதும் இடித்த காயமோ அல்ல. இந்தக் காலோடு கூடப் பிறக்கிற ஒன்று அது, அதனால் எந்தத் தீங்கும் இல்லை.

இனி அந்த எலும்பைப் பற்றி. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உடம்பின் பாரத்தைத் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு தாங்குவது மொத்தப் பாரத்தில் ஆறில் ஒரு பங்குகூட வராது. வாய்ப் புற்றுநோயால் தாடை எலும்பை இழந்தவருக்குப் புதுத் தாடை அமைக்க, அவருடைய காலில் இருந்து இதே வெளிப்பக்க எலும்பின் பெரும் பகுதியைத்தான் சத்திரசிகிச்சை நிபுணர்கள் எடுக்கிறார்கள். எடுத்த பிறகும் அவர் அந்தக் காலால் நடக்கிறார். ஆனால் கீழ் நுனியில் சில சென்ரிமீற்றரைத் தொடாமல் விடுவார்கள். ஏனென்றால் கணுக்காலின் வெளிச்சுவர் அந்த நுனிதான். உங்கள் மகளுக்கு அந்தச் சுவர் இல்லை. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். சுவர் இல்லாததால் பாதம் வெளிப்பக்கமாகச் சரியப் பார்க்கும், குதி மேலே எழும்பி நிற்கப் பார்க்கும்.

ஆகவே, ‘இந்தியாவில் எலும்பு வைக்கலாம்’ என்று சொல்பவரின் பேச்சை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள். காணாமல் போன எலும்புக்குப் பதில் இன்னொரு எலும்பை வைத்து இந்தக் காலைச் சரிசெய்ய முடியாது, சரிசெய்ய வேண்டிய தேவையும் அதில் இல்லை. எலும்பு இல்லை என்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது மூன்று: பாதம் நிலத்தில் தட்டையாகப் பதிகிறதா, முழங்கால் உறுதியாக நிற்கிறதா, கால் எவ்வளவு கட்டையாக முடியும்.

கடைசியில் சொன்னதுக்கு இப்போதே ஓரளவு பதில் சொல்லலாம். இதை நீங்கள் விளங்கிக்கொண்டால் அடுத்த பத்து வருடத்துக்குப் பாதிப் பயம் குறையும். இந்த நிலையில் கட்டைக் கால் வளராமல் நிற்பதில்லை. அதுவும் வளரும், ஆனால் நல்ல காலை விட ஒரு குறிப்பிட்ட விகிதம் குறைவாக. அந்த விகிதம் பெரும்பாலும் மாறாது. ட்ரோர் பேலி என்ற எலும்பு நிபுணரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெருக்கல் அட்டவணை வெளியிட்டார்கள். ஒரு வயதுப் பெண்பிள்ளையின் கால் வித்தியாசத்தை ஏறக்குறைய மூன்றால் பெருக்கினால், வளர்ந்து முடிந்தபின் இருக்கப்போகும் வித்தியாசம் கிடைக்கும். ஆண்பிள்ளைக்கு அதே வயதில் 3.24. உங்கள் மகளுக்கு இன்று இரண்டு சென்ரிமீற்றர் என்றால், பெரியவளாகும்போது ஏறக்குறைய ஆறு சென்ரிமீற்றர்.

இந்தக் கணக்கைப் பயமுறுத்த எழுதவில்லை. ஐந்து வயதில் அளக்கும்போது வித்தியாசம் மூன்றரை சென்ரிமீற்றர் அளவுக்கு வந்திருக்கும். அப்போது யாராவது ‘முந்தியே எண்ணெய் போட்டிருந்தால் கூடியிருக்காது’ என்பார்கள். நோய் முற்றுகிறது என்று நீங்களும் நினைப்பீர்கள். அப்படி இல்லை, பிள்ளை வளர்கிறாள், அதோடு வித்தியாசமும் அதே விகிதத்தில் வளர்கிறது. ஒரே அளவை வைத்து எவரும் முடிவு சொல்லவும் மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த நாலைந்து அளவுகள் கையில் இருந்தால்தான் கணக்கு உறுதிப்படும். மகள் எழும்பி நிற்கத் தொடங்கியதும் கிளினிக்கில் கட்டைக் காலுக்குக் கீழே மெல்லிய மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்னாலிருந்து இரண்டு இடுப்பெலும்பிலும் பெருவிரலை வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு விரலும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் பலகையின் உயரத்தைக் கொப்பியில் எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைக் கேட்டு, திகதியோடு உங்களிடமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு சென்ரிமீற்றர் என்பது இன்றைய வைத்தியத்தால் சமன் செய்யக்கூடிய அளவு. காலை நீட்டும் முறை ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற வைத்தியர் கண்டுபிடித்தது. எலும்பைக் கவனமாக வெட்டி, காலைச் சுற்றி வளையங்களால் ஒரு சட்டம் பூட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் விலக்குவார்கள். அந்த ஒரு மில்லிமீற்றரையும் நாலாகப் பிரித்து நாலு வேளை திருக வேண்டும். விலகிய இடைவெளியில் பிள்ளையின் சொந்த எலும்பே வளர்ந்து நிரப்பும். ஐந்து சென்ரிமீற்றர் நீட்ட ஐம்பது நாள் திருகல், அதன்பின் புது எலும்பு இறுகும்வரை காத்திருப்பு. எல்லாமாகச் சட்டம் காலில் ஆறு மாதம் வரை இருக்கலாம். கம்பி நுழையும் துளைகளை நாளாந்தம் துப்புரவு செய்ய வேண்டும், முழங்காலும் கணுக்காலும் இறுகிப்போகாமல் பயிற்சி செய்ய வேண்டும். லேசான வேலை என்று சொல்லமாட்டேன். வலி இருக்கும், சிலவேளை துளைகளில் கிருமி பிடிக்கும். இன்னொரு வழியும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதளவில் நல்ல காலின் வளர்ச்சித் தட்டை (எலும்பு நீளமாக வளரும் நுனிப் பகுதியை)ச் சிறிய சத்திரசிகிச்சையால் நிறுத்தி, கட்டைக் கால் எட்டிப்பிடிக்க விடலாம். கொஞ்சம் நீட்டி, மிச்சத்தை இப்படிச் சமன் செய்வதும் வழக்கம்.

இதற்கெல்லாம் அவசரமில்லை. நீட்டும் சத்திரசிகிச்சை நாள் பார்த்துச் செய்யக்கூடியது. உங்கள் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து, உங்கள் வீட்டுக்காரர் எப்படியும் கரையில்தான் நிற்பார். திருகும் ஐம்பது நாளும் அந்த மாதங்களில் விழுமாறு கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தைத் தவிர்க்கவும் கேளுங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பலாம். எங்கே என்பதை உங்கள் நிபுணர் தீர்மானிப்பார். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் தங்குவதற்கும் போக்குவரத்துக்கும் தொழில் இழப்புக்கும் செலவுண்டு. இன்றிலிருந்து மாதம் சிறிது ஒதுக்கினால் அந்த நேரத்தில் கடன்படாமல் சமாளிக்கலாம்.

காலை எடுப்பது பற்றி. நீங்கள் அந்த வரியை எழுதி, வெட்டி, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளின் பாதத்தில் நான்கு விரல்கள் இருக்கின்றன. மூன்றோ அதற்கு மேலோ விரல்கள் இருந்து, உள்ளங்கால் நிலத்தில் பதியக்கூடியதாக இருந்தால், அது வைத்துக் காப்பாற்ற வேண்டிய பாதம் என்பதுதான் பொதுவாக எங்கள் கணக்கு. கால் முப்பது சதவீதத்துக்கு மேல் கட்டையாக இருந்தாலோ, பாதம் எந்த விதத்திலும் நிலத்தில் பதியாது என்றாலோதான் மற்றப் பேச்சு வரும். நீங்கள் சொல்லும் அளவு அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

ஆனாலும் இதே நிலையில், இதைவிடக் கடுமையான காலோடு பிள்ளை வைத்திருக்கும் வேறு தாய் தந்தையும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாகாணத்தில் ‘கால் எடுப்பது’ என்றவுடன் கண்ணிவெடியும் ஷெல்லும்தான் ஞாபகம் வருகிறது. வளர்ந்த மனிதர்கள் ஒரு நொடியில் காலை இழந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு வயதுப் பிள்ளையின் நிலை அதுவல்ல. பயன்படாத பாதத்தை மட்டும் எடுத்து, குதியின் தடித்த தோலை அடியில் வைத்துத் தைக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. நடை பழகும் வயதில் அதைச் செய்தால், பிள்ளை செயற்கைப் பாதத்தோடேயே நடை பழகுகிறது. வீட்டுக்குள் அது இல்லாமலும் அந்தக் குதித் தோலில் ஊன்றி எழும்பலாம். எய்மி மல்லின்ஸ் என்ற அமெரிக்கப் பெண் இரண்டு காலிலும் இதே எலும்பு இல்லாமல் பிறந்தவர். ஒரு வயதில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் எடுக்கப்பட்டன. 1996இல் அட்லாண்டா பாராலிம்பிக்கில் ஓடினார். பத்துப் பதினைந்து வருடம் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்திரசிகிச்சை செய்தும் ஊன்ற முடியாத ஒரு பாதத்தை வைத்திருப்பதா, இப்படி நடப்பதா என்று கேட்டால், கடுமையான நிலையில் நான் இரண்டாவதையே சொல்வேன். ஒரு வைத்தியர் அதைச் சொல்லும்போது பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என்று எடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கை உறுப்பு நிலையம் இருக்கிறது. முடிவெடுக்கு முன், செயற்கைக் காலோடு ஓடித் திரியும் ஒரு பிள்ளையையும் அதன் தாயையும் பார்க்க முடியுமா என்று அங்கே கேளுங்கள்.

எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டும் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். குளிக்க வார்க்கும்போது எண்ணெய் பூசுவதில் குற்றமில்லை, பூசுங்கள். முறிவு நெரிவு வைத்தியர்களிடம் முறிந்த எலும்புக்குக் கைப்பழக்கம் இருக்கிறது. ஆனால் இது முறிவு அல்ல. பிறவியில் வளைந்த எலும்பை இழுத்து மட்டை வைத்துக் கட்டினால் எலும்பு நிமிராது, தோல் புண்ணாகும், பிஞ்சு வளர்ச்சித் தட்டும் சேதமாகலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பிள்ளைகளின் கால் மூன்று விதமாக வளைந்து பிறக்கலாம். முன்னும் உள்ளுமாக வளைந்தால் பெரும்பாலும் உங்கள் மகளுடைய நிலை. பின்னும் உள்ளுமாக வளைந்தால் வளைவு பெரும்பாலும் தானாகவே நிமிரும், கொஞ்சம் கட்டை மட்டும் மிஞ்சும். முன்னும் வெளியுமாக வளைந்த காலோ வேறு சாதி. அந்த எலும்பு உள்ளே பலவீனமானது. ஒருமுறை முறிந்தால் பொருந்த வைப்பது எலும்பு வைத்தியத்திலேயே மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அப்படிப்பட்ட பிள்ளைகள் பலரின் உடம்பில் பால்கோப்பி நிறத்தில் தட்டையான திட்டுகளும் இருக்கும். பார்வைக்கு மூன்றுமே ‘வளைந்த கால்’தான். எது எதுவென்று எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்லலாம். வளைந்த காலோடு பிறந்த எந்தப் பிள்ளையையும் படம் எடுக்காமல் எவர் கையிலும் இழுக்கக் கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது சப்பாத்து. மகள் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும் கட்டைக் காலுக்கு உயர்த்திய அடி தேவைப்படும். ஆஸ்பத்திரியின் உறுப்புத் துணைக்கருவிப் பிரிவில் கேளுங்கள். அங்கே தாமதமானால், அவர்கள் எழுதித் தரும் உயரத்தைக் காட்டி, நகரத்தில் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் தட்டு ஒட்டுவிக்கலாம். ஒரு சென்ரிமீற்றர் வரை சப்பாத்துக்கு உள்ளே வைக்கலாம், அதற்கு மேல் வெளி அடியில்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் குதி கழன்று வரும். முழு வித்தியாசத்தையும் ஈடுசெய்ய வேண்டியதில்லை, கொஞ்சம் குறைவாக விட்டால் பிள்ளைக்குத் தடுக்காது. பாரமான சப்பாத்து வேண்டாம். குதியைச் சுற்றிப் பட்டி உள்ள லேசான செருப்பே எங்கள் வெயிலுக்கும் மணலுக்கும் போதும்.

நாங்கள் செருப்பை வாசலில் கழற்றுகிறவர்கள். நாளின் பெரும் பகுதியைப் பிள்ளை வீட்டுக்குள்தான் கழிக்கிறது. வாசலில் கழற்றினால் உயர்த்திய அடியால் என்ன பயன்? வீட்டுக்குள் மட்டும் போட இன்னொரு சோடி செய்துகொள்ளுங்கள், அது வெளியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலில் வெறுங்காலோடு நிற்பதால் ஒன்றும் ஆகாது. அந்தக் கொஞ்ச நேரம் நுனிக்காலில் நிற்கட்டும், ஓடட்டும்.

அடுத்த பிள்ளை பற்றிய பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒரு காலில் மட்டும், கூட வேறு எதுவும் இல்லாமல் வரும் இந்த நிலை பெரும்பாலும் பரம்பரையில் வருவதல்ல. சொந்தத்துக்குள் கட்டியதாலும் வருவதல்ல. அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஐந்தாம் மாதமளவில் எடுக்கும் ஸ்கானில் கால்களைக் குறிப்பாகப் பார்க்கச் சொன்னால் உங்கள் மனமும் ஆறும். உள்பக்கத்துப் பெரிய எலும்பு இல்லாமல் பிறப்பது வேறு நிலை, அது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். கையில் பெருவிரல் பக்கத்து எலும்பு இல்லாமல் பிறந்த பிள்ளைக்கோ இதயத்தையும் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தச் சோதனைகள் தேவையென்று எவரும் சொல்லாவிட்டால் மறந்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு காலும் சேர்ந்த எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தொடை எலும்பும் கொஞ்சம் கட்டையாக இருக்கும், இடுப்பு மூட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் அது தளர்ந்தோ இல்லாமலோ இருப்பது சாதாரணம். பெரும்பாலான பிள்ளைகள் அதோடு ஓடி விளையாடுகிறார்கள், ஆனால் காலை நீட்டும் வைத்தியருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாலைந்து வயதில் முழங்கால் உள்பக்கமாக மடிந்து முட்டுவதுபோல் தெரிந்தால் தவணைக்குக் காத்திராமல் காட்டுங்கள். வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சின்னத் தகடு ஒன்றைப் பூட்டி, வளரும்போதே அதை நிமிர்த்திவிடலாம். கொஞ்சக் காலத்தில் தகட்டைக் கழற்றிவிடுவார்கள். வளர்ச்சி முடிந்துவிட்டால் அந்த வழி இல்லை. எக்ஸ்ரே படங்களைத் தொலைபேசியில் பிடித்து வையுங்கள், மூலப் படத்தை ஈரம் படாத உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். கொழும்புக்கோ பேராதனைக்கோ போகும் நாளில் ஒரு வயதில் எடுத்த இந்தப் படத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.